ஆறு ஜில்லாக்கள் வாங்கிய கடன்

கடன் வாங்கும் விஷயத்தை நம் வீடுகளில் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசுவார்கள். கூடத்தில் விருந்தாளி உட்கார்ந்திருந்தால் பேச்சு சமையலறைக்குள் போய்விடும். பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டிய அன்று வீட்டுப் பெரியவர் சரியாகச் சாப்பிடமாட்டார். மனைவி கேட்டால், "பசியில்லை" என்பார்.

இத்தகைய காரியத்தை 1,92,011 பேர் ஒரே நாளில், பகிரங்கமாக, வரிசையில் நின்று தீர்மானித்த கதை ஒன்று உண்டு. நடந்த இடம் அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யம். நடந்த தேதி 1930-ம் வருஷம் நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "ஒரு பாலம் கட்டுவதற்காக மூன்றரைக் கோடி டாலர் கடன் வாங்கலாமா? அதற்கு உங்கள் வீடு, வயல், கடை எல்லாவற்றின்மேலும் பொறுப்பு ஏற்கிறீர்களா?"

அந்தப் பாலத்தின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. மூடுபனிக்கு மேலே இரண்டு சிவந்த கோபுரங்கள் தலை நீட்டிக்கொண்டிருக்கும். நாட்காட்டிகளிலும் சினிமாக்களிலும் வந்து வந்து நமக்கே பழகிப்போன படம். நானும் வெகுகாலம் அதன் அழகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சமயம் அதன் சரித்திரத்தைப் படிக்கப் போக, கோபுரங்களைவிட அந்த வோட்டு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. நாவல் எழுதுகிறவனுக்கு இரும்பில் என்ன அக்கறை? மனிதர்கள் எதற்குத் துணிகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதில்தான் அவன் பிழைப்பு இருக்கிறது.

ஸான் பிரான்ஸிஸ்கோ நகரம் ஒரு தீபகற்பத்தின் நுனியில் இருக்கிறது. மூன்று பக்கமும் தண்ணீர். வடக்கே போகவேண்டுமானால் சுமார் ஒரு மைல் அகலமுள்ள ஜலசந்தியைத் தாண்டவேண்டும். பசிபிக் சமுத்திரம் அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே வந்து விரிகுடாவாகப் பரவுகிறது. நீரோட்டம் வெகு வேகம். காற்றும் பனியும் கேட்கவேண்டியதில்லை. 1846-ல் ஜான் பிரெமாண்ட் என்ற படை அதிகாரி அதற்குப் 'பொன் வாசல்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். அந்தப் பக்கத்தில் தங்கம் அகப்பட்டதே 1848-ல்தான். பெயர் முந்திக்கொண்டது, பொன் பின்னால் வந்தது.

மோட்டார் கார்கள் பெருகப் பெருக, இந்த ஜலசந்தி ஒரு தொல்லையாகிவிட்டது. காரைப் படகில் ஏற்றித்தான் அக்கரை சேரவேண்டும். விடுமுறை நாள் மாலையில் ஊர் திரும்புகிறவர்கள் படகுத்துறையில் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிப் போகும். படகுகளை நடத்திய கம்பெனியோ ஸதர்ன் பஸிபிக் என்ற பெரிய ரயில் கம்பெனியைச் சேர்ந்தது. வரிசை நீண்டால் அவர்களுக்கு நஷ்டமில்லை.

1916-ல் ஜேம்ஸ் வில்கின்ஸ் என்ற பத்திரிகையாளர், "இங்கே ஒரு பாலம் கட்டினால் என்ன?" என்று எழுத ஆரம்பித்தார். நகரசபையின் பிரதம எஞ்சினீயர் ஓஷானஸி. அவர் பல எஞ்சினீயர்களிடம் விசாரித்தார். முடியவே முடியாது என்றார்கள் சிலர். பத்துக் கோடி டாலர் ஆகும் என்று ஒரு கணக்கு வந்தது. ஜோஸப் ஸ்ட்ராஸ் என்ற மனிதர் மாத்திரம், "முடியும், அவ்வளவு செலவும் ஆகாது" என்றார். ஆள் குள்ளம், பேச்சு பெரிது. கப்பல் வந்தால் திறந்து, போனால் மூடிக்கொள்ளும் சிறு பாலங்களைக் கட்டிப் பெயரெடுத்தவர். 1921-ல் அவர் கொடுத்த திட்டத்துக்கு மதிப்பு ஒரு கோடியே எழுபது லட்சம் டாலர். பாலத்தின் உருவம் மட்டும் பார்க்கச் சகிக்காது என்று பலரும் சொன்னார்கள்.

சரி, பணம்? ராஜ்ய சர்க்கார் தரவில்லை. வாஷிங்டன் சர்க்காரும் தரவில்லை. ஒரு நகரம் தனியாகச் சுமக்கக்கூடிய பாரமும் இல்லை. கல்யாணச் செலவுக்கு யாரும் கை கொடுக்காவிட்டால் பங்காளிகள் கூடிப் பேசுவார்கள் அல்லவா? அதுபோல 1923 ஜனவரி 13-ந் தேதி, வடக்கே ஸாண்டா ரோஸா என்ற ஊரில், பல ஜில்லாக்களின் பிரமுகர்கள் கூடினார்கள். கூட்டத்தைக் கூட்டுவதில் முன்னின்றவர் பிராங்க் டாயில் என்ற உள்ளூர் பாங்கி முதலாளி. பாலத்தால் பயன் பெறப்போகிற ஜில்லாக்கள் ஒன்றுசேர்ந்து ஒரு தனி ஸ்தாபனமாக அமைவது, அந்த ஸ்தாபனம் கடன் பத்திரம் வெளியிட்டுப் பாலத்தைக் கட்டுவது, சுங்கம் வசூலித்து அசலையும் வட்டியையும் அடைப்பது என்று யோசனை உருவாயிற்று. அதே வருஷம் மே மாதத்தில் ராஜ்ய சட்டசபை அதற்குச் சட்டமும் செய்து கொடுத்தது.

சட்டம் செய்தது சுலபம். ஜில்லாக்களைச் சேர்த்ததுதான் பெரும்பாடு. ஒவ்வொரு ஜில்லாவிலும் வரி செலுத்துவோர் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்சேபங்கள் கோர்ட்டுக்கு வந்தன. மரக் கம்பெனிகள் எதிர்த்தன. பெரிய நிலச்சுவான்தார்கள் எதிர்த்தார்கள். படகுக் கம்பெனி எதிர்த்ததைச் சொல்லவே வேண்டாம். யுத்த இலாகாவின் அனுமதியும் வேண்டியிருந்தது. எதிரி குண்டு போட்டுப் பாலம் விழுந்தால் துறைமுகத்துக்குள் இருக்கும் போர்க்கப்பல்கள் அடைபட்டுப் போகுமே என்பது அவர்கள் கவலை. 1924 டிசம்பரில் தற்காலிக அனுமதி கிடைத்தது.

கூட்டம் கூடிய நாளிலிருந்து கிட்டத்தட்ட ஆறு வருஷம் கழித்து, 1928 டிசம்பர் 4-ந் தேதி, பாலம் கட்டும் ஸ்தாபனம் சட்டபூர்வமாகப் பிறந்தது. ஸான் பிரான்ஸிஸ்கோ, மரீன், ஸனோமா, டெல் நார்ட்டே ஆகிய நான்கும் முழுமையாக, நாப்பாவில் பெரும்பகுதி, மெண்டஸீனோவில் ஒரு பகுதி. ஹம்போல்ட்டும் லேக்கும் வரமாட்டோம் என்று நின்றுவிட்டன. இதில் டெல் நார்ட்டே என்பது ஆரிகன் எல்லையில் இருக்கிறது. பாலத்திலிருந்து 300 மைலுக்கு மேல். அங்கே உள்ள மரம் வெட்டியும் மீன்பிடிப்பவனும் வருஷத்துக்கு எத்தனை தடவை ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் போகப் போகிறார்கள்? இருந்தும் அந்த ஜில்லா சேர்ந்தது. தங்களுக்கு நடுவே இருந்த ஹம்போல்ட்டு ஒதுங்கிக்கொண்ட பிறகும் சேர்ந்தே நின்றது. பாதை திறந்தால் தங்களிடமும் மனிதர்கள் வருவார்கள் என்ற ஆசைதான் காரணமாக இருக்கவேண்டும்.

இனி வோட்டுக்கு ஆயத்தம். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

ஜனங்களிடம் கடனுக்குச் சம்மதம் கேட்பதென்றால், "பாலம் வேண்டுமா?" என்று கேட்டால் போதாது. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? எவ்வளவு கடன், எத்தனை காலம், வட்டி என்ன, எதிலிருந்து அடைப்பது, அடைக்க முடியாமற்போனால் யார் பொறுப்பு என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். அதற்குப் பாலத்தின் உண்மையான விலை தெரியவேண்டும். அதற்குச் சரியான வரைபடம் வேண்டும். அதற்குக் கடலடியில் பாறை எப்படி இருக்கிறது என்று துளைபோட்டுப் பார்க்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும்; அந்தப் பணமோ கடன் மஞ்சூரான பிறகுதான் வரும்! எனவே ஆரம்பச் செலவுக்கென்று ஜில்லாக்களில் ஒரு சிறு சொத்துவரி போட்டார்கள். அதற்கும் எதிர்ப்பு வராமல் இல்லை.

1929-ல் ஸ்ட்ராஸைப் பிரதம எஞ்சினீயராக நியமித்தார்கள். ஆனால் அவரை மட்டும் நம்பிவிடவில்லை. ஆம்மன், மாய்ஸீப், டெர்லெத் என்ற மூன்று பெரிய நிபுணர்களையும் ஆலோசகர்களாக வைத்தார்கள். பழைய அவலட்சண உருவம் போயிற்று. 4,200 அடி நீளத்துக்கு நடுவில் தூணே இல்லாத தொங்கு பாலம் என்று முடிவாயிற்று. அந்நாளில் உலகத்தில் எங்கும் அவ்வளவு நீளம் தாண்டிய தொங்கு பாலம் கிடையாது. எத்தனை கார்கள் போகும், சுங்கம் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டார்கள். 1930 ஆகஸ்டு 11-ல் யுத்த இலாகாவின் முடிவான அனுமதி கிடைத்தது. ஆகஸ்டு 27-ல் ஸ்ட்ராஸ் இறுதித் திட்டத்தைச் சமர்ப்பித்தார். நவம்பர் 4-ல் வோட்டு. நடுவில் பத்து வாரம்.

எந்தக் காலத்தில் பாருங்கள்! முந்திய வருஷம் அக்டோபரில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்து விழுந்திருந்தது. வேலையில்லாதவர்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள். பழத்துக்கும் பாலுக்கும் விலை இறங்கிக்கொண்டிருந்தது. அத்தகைய வேளையில் விவசாயியிடம் போய், "மூன்றரைக் கோடி கடனுக்கு ஜாமீன் போடு" என்று கேட்க ஒரு துணிச்சல் வேண்டும்.

கடன் பத்திரத்தின் உட்பொருளை இங்கே சொல்லிவிடுகிறேன். ஸ்தாபனம் ஆயிரம் டாலருக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுக்கும். வாங்கியவனுக்கு வருஷா வருஷம் வட்டி. தவணை முடிந்ததும் அசல். சுங்கப் பணம் போதுமானால் ஊராருக்கு ஒரு காசு செலவில்லை. போதாவிட்டால், ஆறு ஜில்லாக்களிலும் உள்ள சொத்துக்களின்மேல் வரி விதித்துக் கொடுத்தாகவேண்டும். மகன் சம்பாதித்து அடைப்பான் என்று நம்பி அப்பா எழுதிக்கொடுக்கிற பத்திரம் மாதிரிதான். மகன் சம்பாதிக்காவிட்டால் வீடு இருக்கிறது.

எதிர்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. செலவு மூன்றரைக் கோடியில் நிற்காது என்றார்கள். சுங்கம் வட்டிக்கே காணாது என்றார்கள். பூகம்பம் வரும் என்றார்கள். 1906-ல் நகரமே இடிந்து எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அன்று உயிரோடு இருந்தார்களே, அந்தப் பேச்சு அவர்கள் வயிற்றைக் கலக்காமல் இருக்குமா? இயற்கை கொடுத்த அழகான வாசலில் இரும்பைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள் என்றவர்களும் உண்டு.

இந்த எதிர்ப்பாளர்களில் படகுக் கம்பெனியை விட்டுவிடலாம். அது தன் கல்லாப்பெட்டிக்காகப் பேசிற்று. ஆனால் வடக்கே ஒரு மலைச்சரிவில் ஆடு வளர்க்கிற கிழவரை நினைத்துப் பார்க்கிறேன். அவருக்குக் கார் கிடையாது; நகரத்தில் வேலை கிடையாது. நிலத்தின்மேல் ஏற்கெனவே ஒரு கடன் இருக்கிறது. அதற்கு மேல் இன்னொரு பாரத்தை ஸான் பிரான்ஸிஸ்கோக்காரர்கள் தங்கள் எண்ணிக்கையின் பலத்தால் ஏற்றிவிடப் பார்க்கிறார்கள். அவர் "வேண்டாம்" என்று முத்திரை குத்தினால் அவரை எப்படிக் குற்றம் சொல்ல முடியும்?

இந்தக் கிழவருக்காகத்தான் கலிபோர்னியா அரசியல் சட்டம் 1879-லேயே ஒரு வேலி போட்டிருக்கிறது. நகரமோ ஜில்லாவோ சொத்துவரியை ஈடாக வைத்து நீண்டகாலக் கடன் வாங்குவதானால், பாதிப் பேருக்குமேல் சம்மதித்தால் போதாது. மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும். கடனைக் கொண்டாடுகிறவர்கள் ஒருவராகவும் கொடுக்கிறவர்கள் ஒருவராகவும் போய்விடக்கூடாது என்பது அதன் கருத்து. இது மிகையான கட்டுப்பாடு என்றும் வாதம் உண்டு. மூன்றில் ஒரு பங்கினர் ஒரு பள்ளிக்கூடத்தையே தடுத்துவிடலாமே! அதனால் 2000-ம் வருஷம் பள்ளிக்கூடக் கட்டிடங்களுக்கு மட்டும் நூற்றுக்கு ஐம்பத்தைந்து போதும் என்று ஜனங்களே வோட்டுப் போட்டு இளக்கினார்கள்.

நவம்பர் 4 வந்தது. அன்றே கவர்னர் தேர்தலும் நடந்தது. ஸான் பிரான்ஸிஸ்கோ மேயராக இருந்த ஜேம்ஸ் ரால்ப் அதில் வென்றார். பாலத்துக்குச் சாதகம் 1,45,057, பாதகம் 46,954. நாலில் மூன்று பேர் சம்மதித்துவிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் பதினேழாயிரம் வோட்டுகள் உபரி.

கதை என்றால் இங்கே மேளதாளத்துடன் முடித்துவிடலாம். சரித்திரம் அப்படி முடிவதில்லை. ஊர் சம்மதித்தது, வாங்க ஆள் வேண்டுமே! கடன் பத்திரத்தை விலைக்குக் கொண்டுபோனபோது பணக்காரர்கள் தயங்கினார்கள். இந்த ஸ்தாபனத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் உண்மையாகவே உண்டா என்று சந்தேகம் கிளப்பினார்கள். அதைத் தீர்க்க ஒரு வேடிக்கையான வழி கண்டார்கள். ஸ்தாபனத்தின் காரியதரிசியே பத்திரங்களில் கையெழுத்துப் போட மறுத்தார். ஸ்தாபனம் அவர்மேல் வழக்குப் போட்டது! 1931-ல் ராஜ்ய சுப்ரீம் கோர்ட், "பத்திரம் செல்லும், கையெழுத்துப் போடு" என்று தீர்ப்புச் சொல்லிற்று. தகப்பனும் பிள்ளையும் பேசி வைத்துக்கொண்டு சண்டை போட்ட மாதிரிதான்.

உடனே வேறு இரண்டு கம்பெனிகள் மத்திய கோர்ட்டுக்குப் போயின. பின்னால் நின்றது படகுக் கம்பெனி என்பது தெரிந்துபோயிற்று. 1932 ஜூலையில் அந்த வழக்கும் தோற்றது. அப்பீலுக்குப் போகப் பார்த்தபோது ஜனங்களுக்குப் பொறுமை போய்விட்டது. ரயில் கம்பெனியையே பகிஷ்கரிப்போம் என்று கிளம்பினார்கள். ஆகஸ்டில் எதிர்ப்பு ஓய்ந்தது. பாங்க் ஆப் அமெரிக்காவின் தலைவர் ஜியானினி பத்திரங்களை எடுத்துக்கொள்ள முன்வந்தார். பழக்கடைக்காரனுக்கும் மீன்காரனுக்கும் கடன் கொடுத்து வளர்ந்த பாங்கி அது. வோட்டுப் போட்டு இரண்டு வருஷம் ஆகப்போகிற சமயத்தில்தான் பணம் கண்ணில் தட்டுப்பட்டது.

1933 ஜனவரி 5-ந் தேதி வேலை தொடங்கி, 1937 மே 27-ந் தேதி பாலம் திறக்கப்பட்டது. முதல் நாள் நடப்பவர்களுக்கு மட்டும்; சுமார் இரண்டு லட்சம் பேர் நடந்தார்கள். செலவு மஞ்சூரான கடனுக்குள் அடங்கியது. வேலை செய்கிறவர்கள் விழுந்தால் தாங்குவதற்காகக் கீழே பெரிய வலை கட்டியிருந்தார்கள். அது பத்தொன்பது உயிரைக் காப்பாற்றிற்று. ஆனால் திறப்பு விழாவுக்கு மூன்று மாதம் முன்பு ஒரு சாரம் முறிந்து விழுந்து, வலையையும் கிழித்துக்கொண்டு போனது. பத்துப் பேர் மாண்டார்கள். முன்னே இறந்த ஒருவரையும் சேர்த்துப் பதினொரு பேர். பாலத்தின் கணக்கு வேலையில் பெரும்பங்கைச் செய்த சார்லஸ் எல்லிஸ் என்ற எஞ்சினீயரை ஸ்ட்ராஸ் இடையிலேயே நீக்கிவிட்டார். திறப்பு விழாவில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. ஸ்தாபனம் அவர் பங்கை முறையாக ஒப்புக்கொண்டது 2007-ல்தான். கடன் பத்திரத்தில் எழுதாத கடன்களும் ஒரு காரியத்தில் இருக்கின்றன.

வேண்டாம் என்று சொன்ன 46,954 பேர் முட்டாள்களா? பாலம் நிற்கிறது, 1989 பூகம்பத்தில்கூட அதற்குச் சேதமில்லை. ஆகவே அவர்கள் தோற்றார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆலோசகர் மூவரில் ஒருவரான மாய்ஸீப் வடக்கே டகோமாவில் வடிவமைத்த இன்னொரு தொங்கு பாலம், 1940-ல் திறந்து நான்கே மாதத்தில், காற்றில் ஊஞ்சல்போல் ஆடி ஆடிக் கடலில் விழுந்தது. நிபுணர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணாதவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. என்னைக் கேட்டால், அந்த எதிர்ப்பாளர்களால்தான் பாலம் ஒழுங்காக அமைந்தது என்பேன். பாறையைத் துளைத்துப் பார்க்கவும், மூன்று நிபுணர்களை வைக்கவும், காசு காசாகக் கணக்குக் காட்டவும் ஸ்தாபனத்தார் சிரமப்பட்டதற்கு, "வேண்டாம்" என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள் என்பதும் ஒரு காரணம். கேட்டவுடன் கொடுக்கிற தகப்பனுக்குக் கணக்குச் சொல்கிற பிள்ளை உண்டா?

கடன் என்ன ஆயிற்று? திறந்தபோது காருக்கு ஒரு வழிக்கு அரை டாலர் சுங்கம். அந்த அரை டாலர்கள் சேர்ந்து சேர்ந்து, 1971 ஜூலை 1-ந் தேதி கடைசிப் பத்திரமும் அடைபட்டது. அசல் மூன்றரைக் கோடி. வட்டி ஏறக்குறைய மூன்று கோடியே தொண்ணூறு லட்சம். வட்டி அசலை மிஞ்சிவிட்டது. ஆனால் அவ்வளவும் சுங்கத்திலிருந்தே வந்தது. ஆட்டுக்காரக் கிழவரின் நிலத்தின்மேல் அந்தக் கடனுக்காகக் கை வைக்க நேரவில்லை. அதைக் கேட்க அவர்தான் இருந்திருக்கமாட்டார்.

கடன் தீர்ந்தும் சுங்கம் தீரவில்லை, இன்றும் வசூலிக்கிறார்கள். ஏன் என்றால், கார்கள் பெருகிப் பாலத்திலேயே நெரிசல் வந்துவிட்டது. இன்னொரு தட்டுப் போடலாமா, இன்னொரு பாலம் கட்டலாமா என்று யோசித்துப் பார்த்துவிட்டு, 1970 ஆகஸ்டில் பாலத்துக்காரர்களே படகு விட ஆரம்பித்தார்கள். பாலம் வந்த சில வருஷங்களில் நின்றுபோன படகு, அந்தப் பாலத்தின் சுங்கப் பணத்திலேயே மறுபடி ஓடுகிறது. மாலையில் ஆபீஸ் விட்டு வீடு திரும்புகிறவர்கள் அதில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டு அக்கரை போகிறார்கள்.